ஏரல் மாப்பிள்ளையின் அரை மீசை

தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு சட்டம் போட்டு, அதற்குள் படங்களை அடுக்கி, ஊரார் உருட்டி உருட்டிப் பார்க்க வைக்கிற தொழில் இருக்கிறதே, அது கோயில் யானையை ஆட்டோவில் ஏற்றுகிற வேலை. செய்து சீரழிந்த சகோதரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி ஜங்ஷனில் உலகநாதன் அண்ணாச்சி கல்யாணத் தகவல் நிலையம் வைத்திருந்தார். மாப்பிள்ளை போட்டோக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது.

ஆறே பேர்

படங்களை வரிசை வரிசையாக அடுக்கினேன். படங்கள் கூடக் கூட, அவை உட்காருகிற உள்பலகையும் நீள வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் உருட்டும் பட்டை வரும். நான் நீட்ட மறந்துவிட்டேன். மேலே ஆறு பேர் சிரித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் திரைக்கு அடியில் மூச்சுத் திணறிக் கிடந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து மகளுக்கு வரன் தேடி வந்த அம்மாள் திரையைப் பார்த்தார், பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"ஜில்லாவுல மொத்தமே ஆறு பயலுவதான் மிச்சமா?"

சுப்பையா பயில்வான்

பலகையை நீட்டிப் பட்டை வந்ததும் அழகு பார்க்கிற ஆசை வந்தது. எல்லாப் படத்தையும் ஒரே அளவுச் சதுரத்துக்குள் இழுத்துப் பொருத்தினேன். ஏரலில் உரக்கடை வைத்திருக்கும் சுப்பையா முருங்கைக்காய் மாதிரி ஆள். நின்றபடி எடுத்த முழுப்படம் கொடுத்திருந்தார். சதுரத்துக்குள் போனவர் தோளும் மார்புமாகப் பயில்வான் ஆகிவிட்டார். அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டார் மயங்கி, பெண் பார்க்க வரச் சொன்னார்கள். சுப்பையா கதவை முழுசாகத் திறக்காமலே இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறார். பெண்ணின் மாமா வாசலை எட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"தம்பி, நீங்க வந்துட்டிய, மாப்பிள்ளை பொறத்தால வாராரா?"

அண்ணாச்சி வைத்த கெடு

அந்த அவமானத்தில் சுப்பையா, எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று போட்டோவைத் திருப்பிக் கேட்டார். அண்ணாச்சி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருந்த பையனைக் கேலியாக்கிட்டீரே வே. தைக்குள்ள அவனுக்குப் பொண்ணு அமையலன்னா, உம்மையும் உம்ம பொட்டியையும் சேத்து ஆத்துல இறக்கிருவேன்."

அடியில் கிடப்பது

அகலம் நீளம் குலையாமல் படங்கள் அமரும்படி சரிசெய்தேன். சுப்பையா மறுபடி முருங்கைக்காய் ஆனார். ஆனால் அவர் இருந்தது கடைசி வரிசை. வந்தவர்கள் யாரும் முதல் வரிசைக்குக் கீழே உருட்டவே இல்லை. ஜவுளிக்கடையில் சேலைக் குவியலைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தார்கள். ஏன் என்று வரன் பார்க்க வந்த ஒரு வாத்தியாரிடம் கேட்டேன்.

"அடியில கெடக்கது எல்லாரும் பொறுக்கிப் போட்ட மிச்சம்லா?"

பக்கவாட்டில் ஒரு காது

மேல் கீழ் இருந்தால்தானே வம்பு? பலகையைப் படுக்கப் போட்டேன். எல்லாரும் ஒரே வரிசை, பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டியது. வலது ஓரத்தில் சுப்பையாவைப் பாதி வெட்டுப்படும்படி நிறுத்தினேன். ஒரு கண், ஒரு காது, அரை மீசை. மறைத்து வைத்ததைப் பார்க்காமல் நம்ம ஆட்களுக்குச் சோறு இறங்காது. அந்த அரை மீசையின் மறுபாதியைப் பார்க்க வந்த கூட்டத்தில் பஸ்கள் ஜங்ஷன் பாலத்திலேயே நின்றன. நம்பாதவர்கள் பாலத்தைக் கேளுங்கள்.

அந்தக் கூட்டத்தில் கங்கைகொண்டான் ஊரிலிருந்து சிவகாமி டீச்சரும் அப்பாவோடு வந்தார். அப்பா முதல் படத்திலேயே நின்றுவிட்டார். டீச்சர் மவுஸைத் தானே வாங்கிப் பைய நகர்த்த, சுப்பையா முழுசாக வந்தார். டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் அளவே இதானா, இல்ல நீங்க இழுத்ததா?"

"அசல் அளவும்மா."

"என்ன தாயி, காத்தடிச்சா பறந்துருவான் போலிருக்கே" என்றார் அப்பா.

"பறக்காம நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க தேதி பாருங்க."

முதல் பந்தி

தையில் கல்யாணம். அண்ணாச்சி என்னை முதல் பந்தியில் உட்காரவைத்து, இலையில் தன் கையாலேயே தேங்காய்ப்பால் சொதி ஊற்றி, காதோரம் குனிந்தார்.

"வே, மிச்ச பயலுவளையும் நாளைக்கே பாதி பாதியா வெட்டிப் போடும்."

முழுசாகக் காட்டினால் குறை தேடுகிற ஊரில் பாதியைக் காட்டி ஜெயித்தவன் நான்தான், ஆனால் ஏரலில் சுப்பையா வீட்டில் இன்னமும் ஜாதகம்தான் சேர்த்து வைத்தது என்று நம்பிக்கொண்டிருப்பதால், இதைச் சொன்னது யார் என்று மட்டும் எவரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.