மாமன் எதற்கு

ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாப்பாட்டு இடைவேளையில், விரலில் பசை வாடை போகாமலே, ஒரு கட்டுரையைக் கைப்பேசியில் படித்தேன். என்னைப்போல் ஆணை விரும்பும் ஆணுக்குப் பிள்ளை பிறப்பது அரிது. பிறகு எப்படி இப்படிப்பட்டவர்கள் அற்றுப்போகாமல் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறார்கள்? கட்டுரையில் ஓர் ஊகம் சொல்லியிருந்தார்கள்: அவன் கூடப்பிறந்தவளின் பிள்ளைகளைத் தாங்குகிறான், அவர்கள் வழியாக அவன் ரத்தமும் பிழைத்துக்கொள்கிறது. எல்லா இடத்திலும் இது பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை அவசரமாகத் தாண்டிவிட்டேன். நாற்பதைக் கடந்த வயதில் முதல்முறையாக, நான் எதற்கு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாமன். மடி. போதும், அதுவே போதும் என்று மனம் குதித்தது.

தங்கை மகனுக்குக் காது குத்தப்போகிற சமயம். பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். கூடப்பிறந்த மாமன் நான் ஒருவன்தான். ஆனால் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதற்குத் தங்கையிடம் மட்டும் சொன்ன காரணம் அவள் கணவர் காதுக்கும் போயிருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவரே பேச்சை எடுத்தார்.

"உங்க சித்தப்பா பையன் மடியில வெச்சிக்கிறோம் மச்சான். தப்பா நெனைக்காதீங்க."

கட்டுரையைச் சொன்னேன். வேறென்ன இருந்தது என்னிடம்? "எங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதே இதுக்குத்தானாம் மாப்ள. பரம்பரையா ஓடுதாம். தங்கச்சி புள்ளைங்கள பாத்துக்கறதாலதான் அழியாம வருதாம்."

சிரித்தார். "இன்னா மச்சான், ஷூ தைக்கிற எடத்துல இதெல்லாம்கூட சொல்லித் தர்றாங்களா?" சிரிப்பு பாதியில் நின்றது. தொட்டிலைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"பரம்பரைன்னா... இவ ரத்தத்துலயும் இருக்குதா? எம்புள்ளைக்கும் வருமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருமுனை வரை பின்னாலேயே வந்தாள் தங்கை. "இதுவரைக்கும் உன்ன மட்டுந்தான் பேசிக்கினு இருந்தாரு. இப்ப என்னையும் புள்ளையையும் ஒரு மாதிரி பாக்கறாருண்ணா. இனிமே இங்க வராத."

காதுகுத்து நடந்தது. உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. வேறொருவன் மடி, புது வேட்டி, வாய் பிளந்த அழுகை. குழந்தையின் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினேன். என் சாயலைத் தேடினேன், கண்ணில், மோவாயில், அழுகிற வாயில். அவன் அப்பாவும் இப்படித்தான் தேடிக்கொண்டிருப்பார். மருமகனுக்குச் செய்ய எனக்கு மிச்சமிருந்தது ஒரு வேண்டுதல்தான். இவன் என்னைப்போல் இருக்கக் கூடாது. இவன் என்னைப்போல் இருக்கவே கூடாது.