ஏழில் ஒன்று

நேற்று செம்மண்டலம் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற காரின் எண் 7744. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவரைக் குறை சொல்ல முடியாது.

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்தபோது, 2007 என்று நினைவு, புரோகிராமிங் போட்டியின் முதல் சுற்றில் கேட்ட கணக்குக்கு விடை அது. ஒரு நாலு இலக்க எண். முதல் இரண்டு இலக்கமும் ஒன்றே, கடைசி இரண்டும் ஒன்றே. அது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கம். மிகக் குறைந்த சோதனைகளில் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு வாரம் அவகாசம். நானும் மேல்பட்டாம்பாக்கத்து இளங்கோவும் ஓர் அணி. அப்படிப்பட்ட எண் பதினொன்றால் வகுபடும், அதன் வர்க்கமூலமும் வகுபட்டே தீரும் என்று பிடித்தவன் அவன்தான். முப்பத்து மூன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஏழே ஏழு எண்களைப் பார்த்தால் போதும். எண்பத்தெட்டில் விடை. புரோகிராமை நான் எழுதினேன். வேரியபிள்களுக்கு மெஸ் சாப்பாட்டுப் பெயர் வைப்பது என் கோணல் புத்தி. ஒன்றுக்குத் தயிர் என்று வைத்திருந்தேன்.

கடலூர்க் கல்லூரி அணி ஒன்று கொடுத்த புரோகிராமிலும் தயிர் இருந்தது. காப்பி என்று இரண்டு அணியையும் நீக்கிவிட்டார்கள்.

அன்றே எனக்குச் சந்தேகப் பேய் பிடித்தது. எண்களுக்குச் செய்ததை ஆட்களுக்கும் செய்தேன். புரோகிராம் எழுதிய லேபில் என்னைத் தவிர ஏழு பேர். பென் டிரைவ் இல்லாதவர்களைப் பட்டியலிலிருந்து அடித்தேன், அந்த வாரம் லீவு போட்டவர்களை அடித்தேன், கடலூரில் யாரையும் தெரியாதவர்களை அடித்தேன். மிஞ்சியவன் இளங்கோ. அவன் சித்தப்பா மகன் அந்தக் கல்லூரியில்தான் படித்தான். பிறகு இளங்கோ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாலே எனக்கு அது சாட்சியாகத் தெரிந்தது.

நேராகவே கேட்டேன். "நீதான குடுத்த?"

"நான் கண்டுபுடிச்ச கணக்க நானே எதுக்கு மச்சான் குடுக்கப்போறேன்?"

நியாயமான கேள்விதான். என் மண்டையில் ஏறவில்லை. மறுநாளிலிருந்து ஊருக்குத் திரும்ப அவன் ஏறும் பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து, பிரிண்ட் எடுக்கக் கீழ வீதி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். டெஸ்க்டாப்பில், ஊரார் பயோடேட்டாக்களுக்கு நடுவே என் புரோகிராம் உட்கார்ந்திருந்தது. பிரிண்ட் எடுக்க நானே அங்கே காப்பி செய்து, அழிக்காமல் வந்திருக்கிறேன். அப்போது எல்லாரும் அப்படித்தான். போட்டிக்குப் புரோகிராம் கொடுக்க வந்த கடலூர் பசங்களும் அங்கேதான் பிரிண்ட் எடுத்தார்கள் என்று கடைக்காரர் சொன்னார். என் பட்டியலில் நான் சேர்க்காத எட்டாவது ஆள் நான்.

வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. 2012இல் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இளங்கோவைப் பார்த்தபோதுதான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சுங்க. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அந்த பிரவுசிங் சென்டர் இப்போது மொபைல் கடை. நேற்று 7744ஐப் பார்த்ததும் அவனிடம் சொல்லத்தான் கை போனை எடுத்தது. மறுபடியும் மரியாதையாகப் பேசிவிடுவானோ என்று பயந்து கீழே வைத்துவிட்டேன்.