பாதிக் கட்டில்

கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் ஆல்வின் நோஸ்கிக்கும் வால்மாவுக்கும் முதல் சண்டை வந்தது. காரணம் படுக்கை.

வால்மா ரொட்டிக்கடைக்காரரின் மகள். விடிவதற்கு முன்பே அடுப்பு எரிகிற வீட்டில் வளர்ந்தவள். எழுந்த கையோடு விரிப்பை இழுத்துச் செருகி, தலையணையைக் குத்தி உப்பவைத்தால்தான் அவளுக்கு டீ தொண்டையில் இறங்கும். அன்று கட்டிலின் ஒரு பக்கம் நின்றுகொண்டு, "அந்த முனையைப் பிடி, ஆல்" என்றாள்.

"நான் படுக்கை சரி பண்ண மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஏன், கை ஒடிஞ்சு போச்சா?"

"ஒடியல. பண்ண மாட்டேன், அவ்வளவுதான். ராத்திரி மறுபடியும் அதுலதானே படுக்கப் போறோம்? எதுக்கு இந்த வேலை?"

"அப்ப சாப்பிட்ட தட்டையும் கழுவாதே. மறுபடியும் அதுலதானே சாப்பிடப் போறே."

ஆனால் அவர் தட்டு கழுவுவார். அதுதான் அவளுக்குப் புரியவில்லை. சட்டையைத் தானே இஸ்திரி போடுவார். தரை பெருக்குவார். அடுப்புக்கு விறகு பிளந்து, அளவு பார்த்து அடுக்கிவைப்பார். படுக்கை ஒன்றைத்தான் தொட மாட்டார். பத்து நாள் சண்டை போட்டுப் பார்த்தாள். பதினோராம் நாள் கடைக்குப் போய் ஒற்றைக் கட்டில் கம்பளி இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம்.

"மஞ்சள் என் பக்கம், நீலம் உன் பக்கம். என் பக்கத்தை நான் பாத்துக்கறேன். உன் பக்கத்தை நீ பன்றிக் கொட்டில் ஆக்கினாலும் எனக்கு ஒண்ணும் இல்லை."

அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருடம் அந்தக் கட்டில் பாதி விரித்தும் பாதி கசங்கியும் கிடந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் பீட்டர்பரோ சின்ன ஊர். ரயில்வே நடந்தவரை இருந்த ஜனத்தில் பாதிகூட இப்போது இல்லை. சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பந்து உருட்டும் கிளப்பில் பெண்கள் வால்மாவைச் சீண்டுவார்கள்.

"உன் வீட்டுக் கட்டிலுக்கு எல்லைக்கோடு போட்டாச்சாமே, வால்மா?"

"போட்டாச்சு. பாஸ்போர்ட் இல்லாம யாரும் தாண்டி வர முடியாது" என்பாள் அவள்.

ஆல்வின் ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளம் பழுதுபார்க்க மூன்று வாரம் சேர்ந்தாற்போல வடக்கே போய்விடுவார். அங்கே பொட்டல்வெளியில் சுருட்டுப் படுக்கைதான். காலையில் எல்லோரையும்போல அவரும் அதைச் சுருட்டி வாரைக் கட்டுவார். கூட இருந்தவர்கள் விடுவார்களா?

"டேய் ஆல்வின், வீட்டுல மடிக்க மாட்டியாம். இங்க மட்டும் எவளுக்குடா பயப்படுறே?"

"இதைச் சுருட்டலைன்னா வண்டி என்னை விட்டுட்டுப் போயிரும்டா" என்பார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஏன் என்று வால்மா வாழ்நாளில் மூன்று முறை கேட்டாள், சண்டையாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள. முதல் தடவை, மகள் டெனீஸ் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று. இரண்டாம் தடவை, ரயில்வே ஆட்களைக் குறைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியபோது. கடைசித் தடவை, ஒரு மழைநாளில், ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டே. மூன்று முறையும் அவர் "சும்மாதான்" என்றார். மூன்றாம் முறை அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி பட்டாணி உரித்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் பக்கத்தை விரித்துவிட்டு, கிளப்பில் சூப் காய்ச்ச உதவி செய்யப் போனாள். அங்கேயே சமையலறையில் விழுந்தாள். போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை.

வியாழக்கிழமை ஆல்வின் வீட்டுக்கு வந்தபோது மஞ்சள் கம்பளி அவள் செருகின இடத்தில் செருகினபடியே இருந்தது.

அதை அவர் தொடவில்லை. தன் பாதியில், விளிம்போடு விளிம்பாகப் படுத்துக்கொள்வார். அடிவிரிப்பை மாற்றினால் அவள் பக்கமும் கலைந்துவிடுமே என்று, ஒரு சின்ன விரிப்பு வாங்கித் தன் பாதிக்கு மட்டும் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டு துடைக்கிற மெல்லிய பிரஷ்ஷால் மஞ்சள் கம்பளியின் தூசியைத் தட்டுவார், மேலாக, மடிப்பு அசையாமல். தபாலாபீசிலிருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஷர்லீன் தோட்டத்துப் பூசணி கொண்டுவந்தபோது கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள்.

"யோவ் ஆல்வின், இது படுக்கையா, மியூசியமா?"

"டிக்கெட் எடுத்தியா நீ?" என்றார். இருவரும் சிரித்தார்கள். அவள் போன பிறகு கதவைச் சாத்திவைத்தார். அதற்கப்புறம் யாரும் அந்த அறையைப் பார்க்கவில்லை.

நான்கு வருடம் அப்படிப் போயிற்று. டெனீஸ் பெர்த்தில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. ஞாயிறுதோறும் போன் செய்வாள். மற்ற நாட்களில் பல்பொருள் கடைப் பெண் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதும், இவர் "நல்லா இருக்கேன்" என்பதும்தான் ஒரு நாளைய பேச்சு. சில நாள் கடைக்கும் போக மாட்டார். ரேடியோவில் மழை நிலவரம் சொல்கிறவனுக்குப் பதில் சொல்வார்.

மே மாதத்தில் ஒரு காலை, விறகு எடுத்து வரும்போது பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. டெனீஸ் போனிலேயே யார் யாரையோ பிடித்து ஏற்பாடு செய்தாள். வீட்டு உதவிக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கலாம் என்று பார்க்க ரோஸ்லின் என்றொரு பெண் படிவத்தோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். சமையலறை மேசையில் உட்கார்ந்து கேள்விகளை வாசித்தாள்.

"நீங்களே குளிப்பீங்களா?"

"குளிப்பேன். பிளாஸ்டர் நனையாம பிளாஸ்டிக் பை கட்டிக்குவேன்."

"சமைப்பீங்களா?"

"முட்டையை உடைக்க ஒரு கை போதும்."

"படுக்கையைச் சரி பண்ணுவீங்களா?"

"மாட்டேன்."

"முடியாதா, மாட்டீங்களா? இதுல முடியும், முடியாதுன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"மாட்டேன்னு ஒரு கட்டம் போட்டுக்கம்மா."

அவள் சிரித்துவிட்டு, அறையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். விதிமுறை அப்படி. அவரே கதவைத் திறந்தார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நீலக் கம்பளி சுருண்டு கிடந்தது. மஞ்சள் கம்பளியில் ஒரு சுருக்கம் இல்லை.

அவள் ஒன்றுமே கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"அம்மா போனப்புறம் என்னை ஒரு பையன்கள் இல்லத்துல விட்டாங்க. ஆறு வயசு. பதினஞ்சு வரைக்கும் அங்கதான். ஒரே ஹால்ல நாப்பது கட்டில். காலைல மணி அடிச்சா பத்து நிமிஷம். கண்காணிப்பாளர் அடிஸ்கேலோட வருவார். மடிப்பு ஆறு அங்குலம் இருக்கணும். அஞ்சரை இருந்தா எல்லாத்தையும் உருவித் தரையில போட்டுடுவார். மறுபடியும் பண்ணிட்டுப் போறதுக்குள்ள கஞ்சி தீர்ந்திருக்கும்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அது பரவாயில்லை, எல்லாருக்கும்தான் அந்தக் கதி. பக்கத்துக் கட்டில்ல கிளிஃப்னு ஒருத்தன். எப்பவும் இருமல். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 'அவன் படுக்கையையும் நீ பாத்துக்கோ'ன்னு என்கிட்ட சொன்னாங்க. தினம் அதையும் விரிச்சேன். இன்னிக்கு வந்துடுவான், இன்னிக்கு வந்துடுவான்னு அளந்து அளந்து விரிச்சேன். அஞ்சு வாரம். அப்புறம் சமையல்காரம்மா சொன்னா, அவன் போன மூணாம் நாளே செத்துட்டானாம். பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். ஹால் பாக்க ஒழுங்கா இருக்கணுமே, அதுக்குத்தான் என்னை விரிக்க வெச்சிருக்காங்க."

ரோஸ்லின் பேனாவை மூடினாள். "உங்க மனைவிக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நான் இதையெல்லாம் எழுதலை" என்று மட்டும் சொன்னாள்.

அவள் கார் தெருமுனை திரும்பியதும் ஆல்வின் சமையலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனப்பாரம் இறங்கும் என்பார்களே, அப்படி ஒன்றும் இறங்கவில்லை. வால்மா மூன்று தடவை வாய்விட்டுக் கேட்டும் கிடைக்காததை, குடும்பப் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் கால் மணி நேரத்தில் தூக்கிக் கொடுத்தாயிற்று. அதுதான் திரும்பத் திரும்பக் குத்தியது.

ரோஸ்லின் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்திருந்தாள். 'முடியும்' என்று போட்டால் உதவி மணி நேரம் குறைந்துவிடும். அதனால் படுக்கைக்கு நேரே 'முடியாது' என்று குறித்துவிட்டாள். செவ்வாய்தோறும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. வந்தவள் பெயர் கெரின். வாட்டசாட்டமான, வாய் ஓயாத, உழைப்புக்கு அஞ்சாத பெண். முதல் இரண்டு வாரம் ஆல்வினே அவளைச் சமையலறையிலும் குளியலறையிலும் நிறுத்திவைத்தார். மூன்றாம் வாரம் அவருக்குப் பிளாஸ்டர் பிரிக்க வேண்டிய நாள். சாவியைப் பூந்தொட்டியடியில் வைத்துவிட்டுக் கிளினிக்குக்குக் கிளம்பினார். படுக்கையறைக் கதவைப் பூட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

திரும்பி வந்தபோது கொல்லைக் கொடியில் மஞ்சளும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் ஈரத்தோடு ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே கட்டில் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒன்றாக விரிந்திருந்தது. அலமாரியில் இருந்த வெள்ளை விரிப்பு, ஆஸ்பத்திரி மடிப்பு, தட்டி உப்பவைத்த இரண்டு தலையணை. மேலே ஒரு சீட்டு: 'மெத்தையையும் திருப்பிப் போட்டுட்டேன். இனி முதுகுவலி வராது பாருங்க! கெரின்.'

வால்மா படுத்துப் படுத்துப் பள்ளமான இடம் இப்போது அடியில், யார் கைக்கும் எட்டாமல் இருந்தது.

யாரைத் திட்டுவது? கெரின், படிவத்தில் எழுதியிருந்த வேலையைச் செய்தாள். நன்றாகவே செய்தாள். ஆல்வின் கொடியிலிருந்து கம்பளிகளை எடுத்தார். மஞ்சளை முகத்தருகே கொண்டுபோனார். சோப்பு வாசனைதான் வந்தது.

அன்றிலிருந்து முன்னறை நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினார். அடுத்த செவ்வாய் கெரின் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அட, நீங்களே சரி பண்ணிட்டீங்களா! ஒரு மடிப்புகூடக் கலையலையே! பாத்தீங்களா, மனசு வெச்சா உங்களால முடியுது."

"ஆமா" என்றார் ஆல்வின்.

ஞாயிற்றுக்கிழமை டெனீஸ் போன் செய்தாள். கை எப்படி இருக்கிறது என்றாள். பேச்சுவாக்கில், "குரல் ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கு? தூங்கலையா?" என்றாள்.

சும்மாதான் என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் வரவில்லை. கெரின் செய்ததைச் சொன்னார். பிறகு இல்லத்தைச் சொன்னார், அடிஸ்கேலைச் சொன்னார், கிளிஃப்பைச் சொன்னார். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தார்.

"இருக்கேம்ப்பா" என்றாள் டெனீஸ். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "அம்மாகிட்ட ஏம்ப்பா சொல்லலை?"

"தெரியலை கண்ணு. சொல்லியிருந்தா அவ அதுக்கப்புறம் என்னைத் திட்டியிருக்க மாட்டா. திட்டாம இருந்தா வீடு வீடா இருக்காதுன்னு தோணிச்சு."

"நீ ரயில்வே லைன் வேலைக்குப் போயிருக்கறப்போ அம்மா உன் பக்கத்தை என்ன பண்ணுவான்னு தெரியுமா உனக்கு?"

"விரிச்சு வெப்பா. நான் இல்லாதப்பவாவது கட்டில் முழுசா இருக்கட்டும்னு."

"அதுதான் இல்லை. தொடவே மாட்டா. நீ எழுந்து போன மாதிரியே மூணு வாரமும் சுருண்டு கிடக்கும். நான் ஒரு தடவை மடிக்கப் போனேன். கையில பட்டுன்னு போட்டா. 'அப்படியே இருக்கட்டும்டி. இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்கு'ன்னா."

ஆல்வின் போனைக் காதோடு வைத்தபடி நின்றார். பதினைந்து, இருபது வருடம், மூன்று மூன்று வாரமாக, அவள் அந்தக் கசங்கல் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவரிடம் சொன்னதே இல்லை. அவளிடமும் ஒன்று சொல்லாமல் இருந்திருக்கிறது.

"செப்டம்பர்ல நாலு நாள் லீவு போடறேம்ப்பா. வரேன்."

"வா. ஆனா உன் படுக்கையை நீயேதான் விரிச்சுக்கணும். நான் தொட மாட்டேன்."

டெனீஸ் அழுகையும் சிரிப்புமாக ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள்.

அன்று அவர் தன் பக்கத்தில் படுத்தார். புதுப்பக்க மெத்தை கல்லாக இருந்தது. தூக்கம் வரச் சில நாள் பிடித்தது. செவ்வாய்க்கிழமை கெரின் வந்து, "ஐயையோ, என்ன இது? பழையபடி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள்.

"என் பக்கத்தை விட்டுடும்மா. அது அப்படித்தான் இருக்கும். அந்தப் பக்கம் நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"அந்தப் பக்கம்தான் யாரும் படுக்கறதே இல்லையே, பண்றதுக்கு என்ன இருக்கு?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

செப்டம்பரில் டெனீஸ் வந்தாள். நாலு நாளும் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. ஆட்டிறைச்சி வாட்டினார்கள். வால்மாவின் கல்லறைக்குப் போனார்கள். ஷர்லீன் வந்து சீட்டாடி மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் விடிகாலை அடிலெய்டு பஸ்ஸைப் பிடிக்க டெனீஸ் அவசரமாக ஓடினாள். "கிறிஸ்துமஸுக்கு வரப் பாக்கறேம்ப்பா" என்று பஸ் படியிலிருந்து கத்தினாள்.

ஆல்வின் வீட்டுக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறை வாசலில் நின்றார். டெனீஸ் படுத்திருந்த கட்டில் குலைந்து கிடந்தது. கம்பளி பாதி தரையில். தலையணையில் ஒரு நரைமுடி. இவளுக்கும் நரைத்துவிட்டதா என்று நினைத்தார். டீயை ஜன்னல் விளிம்பில் வைத்தார். விரிப்பை உருவி உதறினார். முனையை மெத்தைக்கடியில் செருகினார். மேல்மடிப்புக்கு வந்தபோது அவர் விரல்கள் தானாக விரிந்து அளவு பார்த்தன. சரியாக ஆறு அங்குலம். அறுபது வருடமாகியும் விரல்களுக்கு மறக்கவில்லை.

அதைக் கலைத்தார். கம்பளியை வெறுமனே தலையணைவரை இழுத்துவிட்டார். கோணலாகத்தான் இருந்தது. ஆறிப்போன டீயைக் குடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஈஸ்டருக்கு வந்தாள்.