எல்லோரும் ஒரே முகவரியில் வந்தார்கள்

பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மரவள்ளிக் கிழங்கு மண்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். கல்வராயன் மலைக்குக் கிழங்கு ஏற்றிவர எங்கள் லாரி ஞாயிறு தவிர தினம் ஒருமுறை, காலை பத்து மணிக்குக் கிளம்பும். மலைக்காரர்கள் போனிலேயே அதில் இடம் பதிவு செய்ய ஒரு செயலி எழுதியிருந்தேன். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்று, எட்டு மாதத்தில் முடித்தது.

கூட்டம் சேர்ந்தால் அது திணறும். முதலாளி, சென்னையிலிருந்து ஊர் திரும்பியிருந்த என் பள்ளித் தோழியை அழைத்துவந்தார். ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். கணக்கில் நான்தான் கூட வாங்குவேன். அவள் இன்ஜினியரிங் போனாள். எனக்குக் கல்யாணம் ஆனது.

வெள்ளிக்கிழமை அவள் என் செயலிக்கு முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை நிறுத்தினாள். வருகிறவர்களை அது வாங்கி உள்ளே என் செயலியிடம் அனுப்பும். பதிலையும் அதுவே வாங்கிக் கொடுக்கும். பக்கம் சட்டென்று திறந்தது.

“இப்பதாம்மா செயலி மாதிரி இருக்குது. உங்கூடப் படிச்ச பொண்ணுதானே அதுவும்?” என்றார் முதலாளி.

அவளுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. எனக்கு வழக்கமான பேப்பர் கப்.

சனிக்கிழமை செயலியின் பதிவேட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு போனுக்கும் ஒரு இணைய முகவரி உண்டு; இப்போது வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே முகவரி. அது பிராக்ஸியின் முகவரி. ஒரே முகவரியிலிருந்து உள்ளே நுழையும் ரகசிய எண் ஐந்து முறை தப்பாக வந்தால் அந்த முகவரிக்கு அன்று முழுக்கக் கதவை மூடும்படி நான்தான் எழுதியிருந்தேன். இனி யார் யாரோ தப்பாகப் போடுவதெல்லாம் ஒரே கணக்கில் சேரும். கூட்டம் வரும் திங்கட்கிழமை எல்லோருக்கும் மூடிவிடும் என்று தெரிந்தது. அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். நான் சொல்லவில்லை. முதலாளி முன்னால் அவள் விழிப்பதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் கதவு மூடிக்கொண்டது. போன் மேல் போன். “அஞ்சு நிமிசம் பொறுங்க, சரியாயிடும்” என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார்.

“ஏண்டி, உள்ள பூட்டு ஏதாச்சும் வெச்சிருக்கியா?” என்று அவள் கேட்டாள்.

“பாக்கணும்” என்றேன்.

அவள் பிராக்ஸியை வரிவரியாகத் துழாவிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. எனக்கு இனித்தது. பத்து மணிக்கு இரண்டே பேர் கொண்ட பட்டியலோடு லாரி போய்விட்டது.

அதன் பிறகு வந்த போனை நான் எடுத்தேன். வெள்ளிமலைப் பக்கத்து அம்மா ஒருத்தி.

“உள்ள பூந்தா நாளைக்கு வான்னு எழுதிக்கினு இருக்குதுங்க. இன்னா தப்பு பண்ணோம்? சனிக்கிழம பிடுங்கினது, ரோட்டோரம் கொட்டி வெச்சிருக்குது. கறுத்துடுமேம்மா.”

‘நாளை வாருங்கள்’ என்பது நான் எழுதிய வரி. இரண்டு நாளுக்கு மேல் கிழங்கு தாங்காது.

“எல்லாரும் ஒரே முகவரியா வராங்க. என் பூட்டு விழுந்துடுச்சு” என்று தோழியிடம் சொன்னேன்.

டிரைவருக்குப் போன் போட்டோம். மலை ஏறும் பாதையில் சிக்னல் இல்லை. அவள் வருகிறவரின் உண்மையான முகவரியையும் சேர்த்து அனுப்பும்படி பிராக்ஸியை மாற்றினாள். பிராக்ஸி சொல்வதை மட்டும் நம்பி அதைப் படிக்கும்படி நான் மூன்று வரி மாற்றினேன். கால் மணி நேர வேலை.

“இவதாங்க கண்டுபுடிச்சா. வெள்ளிக்கிழமையே இவள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், என் தப்புதான்” என்று அவள் முதலாளியிடம் சொன்னாள். என் தோளில் கை வைத்தாள். அந்தப் பெரிய மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. சனிக்கிழமையே தெரியும் என்று அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை வெள்ளிமலைக் கிழங்கு வந்து இறங்கியது. பாதி கறுத்திருந்தது. அதைத் தனியாகப் பிரித்துத் தள்ளினார்கள்.