திருத்தணி மலையில் ஸ்பேஸ் பாரைத் தொடாதவர்கள்

1. கீபோர்டு கோளாறு

அன்று மதியத்துக்குள் நான் இரண்டு கீபோர்டுகளை மாற்றிவிட்டேன். மூன்றாவதைக் கழற்றி, கவிழ்த்து, மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து முறுக்குத் துகள் உதிர்ந்ததே தவிர, கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனால் எங்கள் விளையாட்டின் கடைசி லெவலுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தோற்றுக்கொண்டிருந்தார்கள். முதல் நான்கு லெவல்களில் ஸ்பேஸ் பார் உடைந்துவிடும்போல அடித்தவர்கள், ஐந்தாவதில் சூரன் எதிரே வந்ததும் ஒரு தட்டுகூடத் தட்டாமல் நின்றார்கள், அடி வாங்கினார்கள், விழுந்தார்கள்.

கணக்கு விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு, திருத்தணியில் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில், ஒரு துணிக்கடையின் மாடியில் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய காலம் அது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சென்னையில் பக்தி சிடிக்கள் வெளியிடும் ஒருவர், கந்த சஷ்டிக்கு முருகன் விளையாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆடுகிறவர் முருகனின் படைவீரர். அம்புக்குறி விசைகளால் நடக்க வேண்டும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கையிலுள்ள வேல் பறக்கும். எங்கள் ஊர்க்காரர்களை இலவசமாக ஆடவிட்டு டெஸ்ட் செய்துகொண்டிருந்தோம்.

கடைசியாக ஆடி விழுந்தவர் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். கீபோர்டு மக்கர் செய்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன்.

"கீபோர்டு நல்லாத்தான் கீது சார். நாந்தான் அடிக்கல" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"இன்னா சார், நீங்களும் இந்த ஊர்தானே? நம்ம மலைமேல கொண்டாந்து நிக்கவெச்சிட்டு அடிக்கச் சொன்னா எப்படி?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மற்ற முருகன் கோயில்களில் சஷ்டியன்று சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் கிடையாது. போர் முடிந்து, சினம் தணிந்து முருகன் வந்து அமர்ந்த மலை இது. அதனால் அன்று இங்கே கூடை கூடையாகப் பூவைச் சொரிந்து வழிபடுவார்கள். எனக்கு இது தெரியாதா? இந்த ஊரிலேயே பிறந்தவன் நான். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ளும் ஆட்கள் அதைக் கடைப்பிடிப்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது.

2. அரக்கோணத்திலிருந்து வந்த போன்

தப்பு என்னுடையது. புராணப்படி போர் திருச்செந்தூரிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கடைசி லெவல் பெரிதாக இருக்க வேண்டுமே என்று, சூரன் மிச்ச உயிரோடு தப்பித்துத் திருத்தணி மலைக்கு ஓடிவருவதாக நான் ஒரு கதையைக் கட்டினேன். அதற்குக் காரணம் கோமதி வரைந்த படம்.

கோமதி என் சென்டரில் டிடிபி வேலை பார்த்தவர். கல்யாணப் பத்திரிகை அடிப்பதுதான் முக்கிய வேலை. மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கும் குடும்பம் அவருடையது. மவுஸை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக அவர் வரைந்த மலையில், படிக்கட்டு ஓரத்துப் புளியமர நிழல்கூட இருந்தது. அந்த மலையைப் பார்த்தபின் வேறெங்கே கடைசி லெவலை வைப்பது?

ப்ரோக்ராம் எழுதியவன் முனிரத்தினம். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். பவர்லூமில் உட்காராமல் எங்கே போகிறாய் என்று அப்பா கேட்டால் என்ன சொல்வாய் என்று ஒருமுறை அவனிடம் கேட்டேன். "நைனாகிட்ட கவர்மெண்ட் பரீட்சைக்குப் படிச்சிகினு இருக்கேன்னு சொல்லிகீறேன் சார். பரீட்சை எப்போன்னு மட்டும் கேட்றாதீங்க" என்றான்.

கண்டக்டர் சொன்னதைக் கேட்டு முனி நம்பவில்லை. ஒரு சிடியை எடுத்துக்கொண்டு, அரக்கோணத்தில் நண்பன் கடையில் போட்டுப் பார்க்கிறேன் என்று ரயிலேறினான். சாயந்திரம் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"இங்க எல்லாரும் அடிக்கறாங்க சார். ரயில்வே ஆளுங்க ரெண்டு பேரு மாறி மாறி சூரனப் போட்டுச் சாத்தறாங்க. ஒருத்தர்கூட யோசிக்கல."

பத்து மைல் தள்ளி அதே விளையாட்டு, அதே விசை; அங்கே அடிக்கிறார்கள், இங்கே அடிப்பதில்லை. மறுநாள் நானும் கோமதியும் ஆடுகிறவர்களின் பின்னாலேயே நின்று கவனித்தோம். பூக்கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். தாலுகா ஆபீஸ் எழுத்தர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஒரு கல்லூரி மாணவர் மட்டும் அடித்து ஜெயித்தார். ஜெயித்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எத்தனை விளையாட்டுகளைப் பார்த்திருக்கிறேன். தோற்றாலும் பரவாயில்லை, இதைச் செய்ய மாட்டேன் என்று ஆடுகிறவர் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. நாங்கள் அப்படி ஒரு முடிவை எடுக்கச் சொல்லி எழுதவேயில்லை. அவர்களாக எடுத்தார்கள்.

3. கோபப் பட்டை

வழி கண்டுபிடித்தவன் முனிதான். திரையின் மேல் ஓரத்தில் சிவப்பாக ஒரு பட்டை வைத்திருந்தோம். கோபப் பட்டை என்று எங்களுக்குள் பெயர். அடிக்க அடிக்க அது ஏறும், வேலின் வேகம் கூடும். அடிக்காவிட்டால் மெல்ல இறங்கும்.

"கோவம் சுத்தமா எறங்கிட்டா இன்னா ஆவுதுன்னு நாம எழுதவே இல்ல சார். கடைசி லெவல்ல மட்டும், பட்டை ஜீரோவுக்கு வந்தா பூ கொட்டட்டும். சூரன் கும்பிட்டு நிக்கட்டும். அதுவும் ஜெயிப்புதான்."

கோமதி பத்திரிகை வேலையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு சம்பங்கி, சாமந்தி, அரளி என்று வரையத் தொடங்கினார். கடைசி லெவல் நிறைந்த பட்டையோடு தொடங்கும்படியும், அது இறங்கும் நேரத்தில் சூரனின் அடி வலுக்குறையும்படியும் முனி எழுதினான். அடிக்க விரும்புகிறவர் அடித்தும் ஜெயிக்கலாம். விரும்பாதவர் பொறுத்திருந்தும் ஜெயிக்கலாம். மூன்றாம் நாள் காலை முதல் முறையாக ஓட்டினோம். முனி கீபோர்டிலிருந்து கையை எடுத்து தலைமேல் வைத்துக்கொண்டான். பட்டை இறங்கியது. இறங்கி, ஒரு நூல் அளவுக்கு வந்து, அணைந்தது. ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு திரையின் உச்சியிலிருந்து ஒரு சாமந்தி விழுந்தது. அப்புறம் பத்து. அப்புறம் மலையே தெரியாத அளவுக்குப் பூ.

நாங்கள் மூவரும் கத்தியதில் கீழே துணிக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். இதை எழுதும்போதும் என் விரல்கள் பரபரக்கின்றன. என் வாழ்க்கையில் அதைப்போல இன்னொரு காலை இல்லை.

அதற்குள் கோமதி வீட்டில் புகைச்சல் தொடங்கியிருந்தது. உங்கள் பெண் நம் மலைமேலேயே சண்டையை வரைந்து வைத்திருக்கிறாள் என்று யாரோ அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். மடப்பள்ளியில் நிற்பவருக்கு அது சின்னப் பேச்சல்ல. அவர் நேராகவே சென்டருக்கு வந்தார். செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோமதி அவரைக் கடைசி லெவலில் விட்டார். பெரியவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். பூ கொட்டியது.

பிறகு என்னைப் பார்த்து, "இது இப்படியே இருக்குமில்ல?" என்று கேட்டார்.

இப்படியேதான் இருக்கும் என்று சொன்னேன். மறுநாள் தூக்கு நிறையப் புளியோதரை வந்தது.

4. ஒரு வரி

சிடி வெளியிடுபவர் சஷ்டிக்கு முந்திய வாரம் சென்னையிலிருந்து வந்தார். முனி தன் நைனாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தான். கோமதி சாப்பிடப் போயிருந்தார். நான்தான் ஓட்டிக் காட்டினேன். பூ விழும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாகீது சார், ஒத்துக்கறேன். ஆனா சாமி கேம் வாங்கறவன் சூரன் சாவறதப் பாக்கத்தான் வாங்கறான். சும்மா நின்னா பூ கொட்டுதுன்னா, பொட்டி ஹேங் ஆயிடுச்சுன்னு சிடிய எம் மூஞ்சில வுட்டெறிவான். பூ இருக்கட்டும், அடிச்சப்புறம் கொட்டட்டும். அடிக்காதவன் அவுட்டு."

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். "உங்க ஊருக்கா சார் விக்கறேன்?" என்றார். மாஸ்டர் சிடி அன்று மாலையே அவரோடு ரயிலேற வேண்டும், இல்லாவிட்டால் சஷ்டிக்குக் கடைக்கு வராது.

இரண்டு விதமாகவும் வெளியிடலாம் என்று சொல்லியிருக்கலாம். கடைசி லெவலின் மலையையாவது மாற்றியிருக்கலாம். ஒரு போன் செய்து முனியைக் கேட்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. காரணம் பயமோ நெருக்கடியோ அல்ல. நான் எழுதவைத்த விளையாட்டு அட்டைப் படத்தோடு கடைகளில் தொங்கப்போகிறது என்ற ஆவல். அந்த ஆவலில் எனக்குக் காதடைத்துப்போயிருந்தது.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. பட்டை ஜீரோவுக்கு வந்தால் 'பூ' என்ற ஃபங்ஷனை, அதாவது பூ கொட்டவைக்கும் ப்ரோக்ராம் துண்டைக் கூப்பிடு என்று முனி எழுதியிருந்தான். 'பூ' என்பதை அழித்துவிட்டு 'தோல்வி' என்று அடித்தேன். கம்பைல் செய்து, சிடியில் எழுதி, கையில் கொடுத்தேன். கோமதி சாப்பிட்டுவிட்டு வந்து, அவர் என்ன சொன்னார் சார் என்று ஆவலாகக் கேட்டார். பிடித்திருக்கிறது என்றார் என்றேன்.

5. சஷ்டி அன்று

மலையடிவாரத்தில் கோமதி வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். முனி சென்டரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்தியிருந்தான். மதியத்துக்குமேல் பெரியவர் பூ சாத்துவதற்கு மலையேற வேண்டும். அதற்கு முன்னால் எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று பரபரப்பு.

கோமதி ஒரு சிடியை எடுத்தார். சென்னையிலிருந்து வந்த, பிரிக்காத சிடி. அப்பா முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தாராம். என் கையில் சுண்டல் கிண்ணம் இருந்தது. கம்ப்யூட்டரிலேயே பழையது இருக்கிறதே, அதைப் போடம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சுண்டலைத் தின்றேன்.

நான்கு லெவல்களையும் முனி சரசரவென்று ஆடி முடித்தான். கூடத்தில் விசில் பறந்தது. மலை வந்ததும் எழுந்து நாற்காலியைப் பெரியவருக்குக் கொடுத்தான். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பட்டை இறங்கத் தொடங்கியது. "இப்ப பாருங்க, பூ வரும்" என்று கோமதி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பட்டை அணைந்தது. திரை இருண்டது. தோல்வி என்று எழுத்து வந்தது. கோமதியே வரைந்த எழுத்து அது.

"இன்னா பாவா, ஒரு தட்டு தட்டியிருக்கலாமில்ல?" என்று மைத்துனர் ஒருவர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். முனி சிரிக்கவில்லை. அவன் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். எந்த வரி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் எதையாவது தப்பாத் தொட்டுட்டனாம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

"நீங்க எதையுமே தொடலப்பா" என்றார் கோமதி. மறுபடியும் அந்த லெவலைப் போட்டார். பெரியவர் மறுபடியும் கைகளை மடியில் வைத்தார். மறுபடியும் தோல்வி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கோமதி குனிந்து, அந்த நீளக் கட்டையைத் தட்டினால் ஜெயித்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

"அதுதான் தெரியுதேம்மா. தோத்துட்டேன்னு அது சொல்லிக்கட்டும். இந்த மலைல நான் அடிக்கல" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னார். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

கேட்டவர் கோமதி. வாசல்வரை வந்தார்.

"மாத்தினதக்கூட விடுங்க சார். நான் சிடியப் பிரிக்கறப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க."

கையிலிருந்த பத்திரிகை வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு அவர் வேலையிலிருந்து நின்றுகொண்டார். சிடி நன்றாக விற்றது. முனி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், சென்டர் கம்ப்யூட்டர்களில் அந்தப் பழைய வரி அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். சில நாள் கழித்து கண்டக்டர் வந்து ஆடினார். பூ கொட்டியதும் படிக்கட்டுக்கு ஓடி, கீழே நின்ற டிரைவரை மேலே கூப்பிட்டார். அந்த ஆரவாரத்தில் நான் மட்டும் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது விளையாட்டு எழுதும் இளைஞர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். நல்லது செய்தால் எவ்வளவு பாயிண்ட், கெட்டது செய்தால் எவ்வளவு குறைக்கலாம் என்று உற்சாகமாகக் கேட்கிறார்கள். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொள்கிறது. ஆனால் நான் சொல்வது ஒன்றுதான். பாயிண்டைப் பிறகு பார்க்கலாம். 'தோல்வி' என்ற சொல்லை எங்கே வைக்கிறீர்கள் என்று முதலில் காட்டுங்கள், அதன் எதிரே யார் உட்காரப்போகிறார் என்று சொல்லுங்கள். நான் வைத்த இடத்தின் எதிரே, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னை நம்பி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.