பேரி மரத்தடியில் ஓர் இருமல்

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எங்கள் நாய் மூத்திரம் போக மறுத்தது. இதை எழுதவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மற்ற வீடுகளில் துக்கம் என்றால் சோறு இறங்காது, தூக்கம் வராது. எங்கள் வீட்டில் அது போய் அடைத்துக்கொண்ட இடம் அதுதான்.

அது சடை நாய். வெள்ளையும் சாம்பலும் கலந்த முடி தரையைத் துடைத்துக்கொண்டே நடக்கும். எங்கள் மலையூரில் ஏரிக்கு அந்தப் பக்கம் காட்டேஜ் வைத்திருந்த சென்னைக் குடும்பம் ஒன்று, காட்டேஜை விற்றபோது நாயை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுப் போனது. சென்னை வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளாதாம். வாட்ச்மேன் அதை என் வீட்டுக்காரர் தலையில் கட்டினார். பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டி ஓய்ந்து வீட்டில் சும்மா இருந்த மனுஷருக்கு அது நல்ல சோலியாகப் போயிற்று. நானோ பள்ளி ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்தவள். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளின் நகத்தையும் தலையையும் காதின் பின்புறத்தையும் சோதித்தே கண் பூத்துப்போனவள். வீட்டுக்குள் முடி கொட்டும் பிராணி வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு நாயை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அதை ‘அவன்’ என்பார், கூப்பிடும்போது ‘ஏலே’ என்பார். நான் ‘அது’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த முடியோடு மல்லுக்கட்டுவதற்கே ஓர் ஆள் வேண்டும். ஆண் நாய் என்பதால் மூத்திரம் அடிவயிற்று முடியில் படும். பின்பக்கம் முடி நீண்டுவிட்டால் மலம் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்கக் கூடவே வரும். அவர் வாரந்தோறும் பழைய தினத்தாளை விரித்து, முனை மழுங்கிய கத்திரிக்கோலால் வாலுக்குக் கீழேயும் அடிவயிற்றிலும் ஒட்ட நறுக்குவார். விரல் இடுக்கில் வளரும் முடியையும் விடமாட்டார். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி அங்கேதான் புகுந்துகொள்ளும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும், நனைந்தால் சிக்கு இறுகிப்போகும் என்பார். எங்கள் ஊர்க் குளிரில் நாயை நனைப்பது சுலபம், காயவைப்பதுதான் பாடு. விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து தோல்வரை துவட்டித் துவட்டியே ஒரு பகல் போய்விடும். அதே சீப்பால் தன் தாடியையும் வாரிக்கொள்வார். அதைக் கண்ட அன்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது.

காலையில் எழுந்ததும் அவர் முதல் வேலை நாயை வெளியே விடுவது. குரங்குக் குல்லாவை மாட்டி, ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்து, பின்கதவைத் திறப்பார். கொல்லைக் கோடியில் ஒரு பேரி மரம். நாய் நேராக அங்கே போகும். குளிர்காற்று நெஞ்சில் பட்டதும் அவருக்கு இருமல் வரும். வாலிபத்தில் பிடித்த பீடியின் பாக்கி அது. இரண்டு சின்ன இருமல், பிறகு நெஞ்சின் அடியிலிருந்து பெரிதாக ஒன்று, முடிவில் தொண்டையில் கரகரவென்று ஒரு செருமல். அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருக்கும் நான், ஊரை எழுப்பியாச்சா என்று கேட்பேன். தினமும் இதே கேள்விதான். அவரும் தினமும் காப்பிக்குக் கையை நீட்டிக்கொண்டே உள்ளே வருவார்.

கடைசியில் அந்த இருமலே அவரைக் கொண்டுபோயிற்று. மதுரை ஆஸ்பத்திரிக்கு இறங்கியவர் ஆம்புலன்ஸில்தான் மலை ஏறி வந்தார். வீட்டில் கூட்டம் என்று நாயை விறகுக் கொட்டகையில் பூட்டியிருந்தோம். அடக்கம் முடிந்த பிறகுதான் அதன் நினைவே வந்து திறந்துவிட்டேன். ஆகவே அது அவருடைய உடலைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பின்கதவைத் திறந்தேன். நாய் பேரி மரத்தடிக்குப் போய், திரும்பி நின்றது. காலைத் தூக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்குப் பின்னால், பின்வாசற்படியில் யாரோ வரப்போவது போல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவருடைய பூட்ஸ் மட்டும் இருந்தது.

தினமும் இதே கதை. திட்டினேன். கெஞ்சினேன். கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் செய்வது போல ‘ஸ்ஸ்’ என்றும் சொல்லிப் பார்த்தேன். அது முடிந்தமட்டும் அடக்கிக்கொள்ளும்; பிறகு படுத்திருக்கும் இடத்தில் தானாகக் கசிந்துவிடும். அடிவயிற்று முடி முழுக்க ஊறி, நாற்றம் எடுத்து, உள்ளே தோல் சிவந்து புண்ணாயிற்று. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஆன்லைனில் நாய் டயாபர் வாங்கி அனுப்பினாள். அதைக் கட்டியதில் முடி சிக்குப்பிடித்துக் கட்டிகட்டியாகிப் போனது. மாட்டாஸ்பத்திரி டாக்டர், இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் கிருமி மேலே ஏறிச் சிறுநீரகம் கெட்டுவிடும், பிறகு என்னிடம் கொண்டுவந்து பிரயோசனம் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மகளோ அதை யாரிடமாவது கொடுத்துவிடு என்று போனில் நச்சரித்தாள். கொடுக்கலாம்தான். ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு அவருக்காக நின்ற உயிர், என்னைத் தவிர, அது ஒன்றுதான்.

புண்ணுக்கு மருந்து போட வேண்டுமானால் முடியை நறுக்கியாக வேண்டும். அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். கத்திரிக்கோல், பஞ்சு, தேங்காய் எண்ணெய்ச் சீசா, சீப்பு. சீப்பில் வெள்ளை முடி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நாயுடையது, கொஞ்சம் அவர் தாடியுடையது. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. அழுக்குச் சீப்பைக் கண்டால் பிள்ளைகளை வெளுத்து வாங்கிய நான், அதை அப்படியே டின்னில் வைத்து மூடினேன். பஜாருக்குப் போய் வேறு சீப்பு வாங்கிவந்தேன். பேன் பார்த்த கை என்பதால் சிக்கெடுப்பது ஒன்றும் புதிதில்லை. நுனியிலிருந்து தொடங்கி, வேரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்காமல் மேலே ஏற வேண்டும். நாய் ஆடாமல் நின்றது. ஆனால் காது மட்டும் பின்வாசல் பக்கமே திரும்பியிருந்தது. அது கேட்பது எனக்குக் கேட்கவில்லை என்பதில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு மத்தியானம் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தேன். கோடையில் ஒரு நாள் காலை ஆலங்கட்டி மழை கொட்டியபோது மகளுக்கு அனுப்ப எடுத்தது ஒன்று இருந்தது. தகரக் கூரையில் கல் விழும் சத்தம், முற்றம் முழுக்க வெள்ளை. முடியும் இடத்தில், படத்துக்கு வெளியே எங்கேயோ, இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், ஒரு செருமல். நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்து பின்கதவைப் பிறாண்டியது. திறந்தேன். மரத்தடிக்கு ஓடிப்போய் நின்றது. மறுபடி வீடியோவைப் போட்டேன். ஆலங்கட்டி விழுந்தது, அவர் இருமினார், நாய் காலைத் தூக்கியது. விடாமல் போயிற்று, அத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்த்து. அவர் இதைப் பழக்கினாரா, தானாகப் படிந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு தினமும் காலையில் அவருடைய பூட்ஸையும் குல்லாவையும் மாட்டிக்கொண்டு, பனிமூட்டத்தில் நின்று, போனைத் தூக்கிப் பிடித்தேன். புண் ஆறத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் காட்டேஜ்களைச் சுத்தம் செய்யப் போகும் ஒரு பெண் இருக்கிறாள். ஒரு நாள் வேலி ஓரமாக வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

“மேட்ரனம்மா, சாருக்கு இன்னொரு பூசை வைங்க. வெள்ளனே கல்லு மழ பெய்யிற மாதிரி கேக்குது, பெறகு அவுக இருமுறாக. வெளிய வந்து பாத்தா தரையில ஒரு கல்லுகூடக் கெடக்கல.”

சரி என்று தலையாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனில் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். நாய் அசையவில்லை. மறுபடி கூட்டினேன்.

ஐப்பசி மழையில் மரங்கள் மின்கம்பியின் மேல் விழுந்து ஊர் முழுக்கக் கரண்டு போனது. போன் செத்துவிட்டது. காலையில் நாய் வழக்கம்போல மரத்தடியில் போய் நின்று வாசலைப் பார்த்தது. கடைசியில் நானே இருமிப் பார்த்தேன். பொம்பளை இருமல், நாய் காதைக்கூட ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எப்படி நிற்பார் என்று யோசித்தேன். ஒரு கையைக் கதவு நிலையில் ஊன்றி, தோளை முன்னே தள்ளி, பனியை நெஞ்சு நிறைய இழுத்தேன். இரண்டு சின்னது, ஒரு பெரியது. முடிவில் அந்தக் கரகரப்பு, நான் வரவழைக்காமலே வந்தது. நாய் காலைத் தூக்கியது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அது என் குரலே இல்லை.

கரண்டு திரும்பி வந்த பிறகும் நான் வீடியோவைப் போடவில்லை. காலையில் கதவைத் திறக்கப் பயமாகவும் இருக்கும், எப்போது விடியும் என்றும் இருக்கும். இருமியதும் ஒரு நொடி அவர் கொல்லையில் இருப்பார். நான்தான் அங்கே இருக்கமாட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு மகள் வந்தாள். நாய் சரியாகிவிட்டது என்று போனில் சொல்லியிருந்தேன். எப்படி என்று சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னையும் சேர்த்து வண்டியில் ஏற்றிவிடுவாள். அவள் நம்பவும் இல்லை. கல்லறையில் புல்லைப் பிடுங்கி, சிலுவையைக் கழுவி, காற்றில் அணைந்த மெழுகுவத்தியை மறுபடி மறுபடி ஏற்றினாள். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. அடக்கத்தன்றும் அப்படித்தான், பெட்டி, பூ, சாப்பாடு என்று ஓடிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் திண்டுக்கல்லில் நாய் வளர்க்கும் ஓர் ஆளிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். காலையில் வண்டி வருமாம். ஊருக்குப் போகிற வழியில் அதை இறக்கிவிட்டுப் போவாளாம். வழுக்கும் கொல்லையில் நீ விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

அன்று ராத்திரி நாயைக் கடைசியாக ஒரு முறை வாரிவிட்டேன். காதுக்குப் பின்னால், தொடை இடுக்கில், எங்கேயும் சிக்கில்லை. புது ஆளிடம் போகும்போது சுத்தமாகப் போகட்டும் என்று நினைத்தேன். அங்கே யார் இருமுவார்கள் என்றும் நினைத்தேன்.

காலையில் மரமே தெரியாத அளவுக்குப் பனி. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குல்லாவை மாட்டி, பூட்ஸைப் போட்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். நாய் பனிக்குள் போயிற்று. இருமினால் அவளுக்குக் கேட்கும். இருமாவிட்டால் அது மலைப்பாதை முழுக்க அடக்கிக்கொண்டே போகும். நிலையில் கையை ஊன்றினேன். இருமினேன்.

பின்னால் வெறுங்காலோடு யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

“அப்பா?”

சின்னப் பிள்ளையில் அவள் கூப்பிடும் குரல் அது. திரும்பினேன். அவள் குல்லாவைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள், கடைசியாக என் முகத்தைப் பார்த்தாள். நான் மளமளவென்று சொல்லத் தொடங்கினேன்: மரத்தடி, வீடியோ, கரண்டு போனது, எல்லாம். அவள் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்து, அடக்கம் முடிந்து இத்தனை மாதம் கழித்து, வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து, வண்டி வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவ இருமும்மா.”

இருமினேன். எல்லாம் முடித்துவிட்டுப் படியேற வந்த நாய் அப்படியே நின்றது. திரும்பி மரத்தடிக்குப் போய்க் காலைத் தூக்கியது. ஒரு சொட்டும் வரவில்லை. ஆனாலும் அவன் வாசலைப் பார்த்தபடி, காலை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான்.