பேய்ப் பெயர் வைத்த காரில் முதல் சவாரி

சே! காலையில் பட்ட அருவருப்பு இன்னும் போகவில்லை.

தங்கை மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். தாய்மாமன் என்பதால் முன் சீட்டில் முதல் சவாரி எனக்குத்தான். சலவை வேட்டியோடு கிரிவலப் பாதைப் பிள்ளையார் கோயிலுக்குப் பூஜைக்குப் போனேன்.

பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ‘டீமன்’ என்று ஒட்டியிருக்கிறான்!

“டேய், டீமன்னா பேய்டா!”

“அமெரிக்காவுல எழுபதுகள்ல ஓடுன கார் பேரு மாமா. செம கெத்து.”

எனக்கே பாடமா! அந்தக் காலத்தில் ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த, கார் கம்பெனியில் வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் என்னைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். கார்ப் பெயர்க் கதையெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“பாயுற வண்டிக்குக் குதிரை பேரு, சீறுற வண்டிக்குப் பாம்பு பேரு வெச்சான், சரி. பேய் பேரு வெச்சதும் அவங்க ஊரு சர்ச்சுக்காரங்களே காறித் துப்பி மாத்த வெச்சாங்க. அதுக்கு முன்னாடியே அந்த ஆசிரமத்து அமெரிக்கர்கிட்ட வேணாம்னு சொல்லி அனுப்புனவன் நான்டா!”

குருக்கள் கற்பூரம் ஏற்றாமல் நின்றுவிட்டார்.

“உங்க வீட்டு வாசல்ல திருஷ்டிக்குப் பூதம் மாட்டியிருக்கீங்களே மாமா, அது மட்டும் சரியா?” என்றான் அந்தப் பயல்.

குருக்கள் சிரித்துவிட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

“வர்றியா இல்லியாண்ணா?” என்று கேட்டுக்கொண்டே தங்கை முன் சீட்டில் ஏறிவிட்டாள். நான் டவுன் பஸ்ஸில் திரும்பினேன்.

வாசலில் பூதம் மாட்டுவது காவலுக்கு. அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு எவனாவது வீடு இருக்கிற வேங்கிக்கால் வரைக்கும் போவானா? நீங்களே சொல்லுங்கள்.